அறுபது அடிக்கு அப்பால்

முதலில் காதில் விழுவது சத்தம்தான். டக், டக், டக், டக். கொஞ்சம் நிற்கும். மறுபடி டக், டக். கொட்டாங்கச்சியைக் கருங்கல்லில் தட்டுகிற மாதிரி, ஆனால் அதைவிட வேகமாக, விடாமல்.

கலிபோர்னியாவில் மோரோ பே என்கிற சின்ன மீன்பிடி ஊர். காலை ஏழு மணிக்கு அங்கே மூடுபனி விலகியிருக்காது. துறைமுக வாயிலில் 576 அடி உயரத்துக்கு நிற்கும் மோரோ பாறையையே பனி விழுங்கியிருக்கும். பழைய மின்நிலையத்தின் மூன்று புகைபோக்கிகளில் அடிப்பகுதி மட்டும் தெரியும். அந்த வெள்ளைக்குள் சத்தம் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே நின்றால், கொஞ்ச நேரத்தில் ஒரு பழுப்புத் தலை தெரியும். மல்லாந்து மிதக்கும் ஓர் உடம்பு. நெஞ்சின்மேல் தட்டையான கல். இரண்டு கையாலும் ஒரு மட்டியைப் பிடித்து அந்தக் கல்லில் ஓங்கி அடித்துக்கொண்டிருக்கும்.

கடல்நீர்நாய்.

சான் ஹோசேயிலிருந்து இங்கே காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாலினாஸ் பள்ளத்தாக்கின் கீரை வயல்களைத் தாண்டி, அட்டாஸ்கடேரோவில் 41-ஆம் எண் சாலைக்குத் திரும்பி, மலையிறங்கினால் கடல். வருஷத்துக்கு இரண்டு முறையாவது வந்துவிடுகிறேன். இந்த முறை கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் அம்மாவையும் கூட்டி வந்தேன். ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை, தலையில் மஃப்ளர் என்று படகுத்துறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள்.

"நீர்நாயா? எங்க தாத்தா கொள்ளிடத்துல பார்த்திருக்கார். மீனைக் கவ்விண்டு கரையேறி ஓடுமாம். இது என்னடி, சாய்வு நாற்காலில படுத்திண்டிருக்கற மாதிரி இருக்கு?"

அம்மா சொன்னது சரிதான். நம் ஊர் நீர்நாய் ஆற்றோடும் வாய்க்காலோடும் சேர்ந்தது. சங்கப் பாட்டிலேயே மருத நிலத்துப் பொய்கையில் வாளை மீன் பிடித்துக்கொண்டு திரிகிறது. இது அதன் ஒன்றுவிட்ட உறவு, ஆனால் வாழ்க்கை வேறு. சாப்பாடு, தூக்கம், பிரசவம், பிள்ளை வளர்ப்பு எல்லாம் கடலிலேயே. கரைக்கு எப்போதாவதுதான் வரும். இங்கிருக்கும் வகையில் வளர்ந்த பெண் 20 கிலோ இருக்கும், ஆண் 29 கிலோ வரை.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "எல்லாம் சரி, காலை மட்டும் ஏன் தண்ணிக்கு வெளியே தூக்கி வெச்சிண்டிருக்கு?"

எத்தனையோ பேரை இங்கே கூட்டி வந்திருக்கிறேன். எல்லோரும் "ஐயோ, எவ்வளவு அழகு" என்பார்கள். இந்தக் கேள்வியை முதலில் கேட்டது அம்மாதான். இந்த விலங்கைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது.

அதற்குக் குளிர்கிறது. அதுதான் பதில்.

இந்தக் கடலில் தண்ணீர் எந்த மாதத்திலும் ஜில்லென்றுதான் இருக்கும். திமிங்கிலம், சீல், கடல்சிங்கம் இவற்றுக்கெல்லாம் தோலுக்கு அடியில் தடித்த கொழுப்பு உண்டு, அதுவே போர்வை. கடல்நீர்நாய்க்கு அந்தக் கொழுப்பு கிடையாது. இருப்பது ரோமம் மட்டும். ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் முடி வரை இருக்கும். மனிதருக்குத் தலை முழுவதும் சேர்த்தே ஒரு லட்சம்தான். தீப்பெட்டிப் படத்தில் பாதிகூட வராத இடத்தில் பத்துப் பேர் தலைமுடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் வேறெந்த விலங்குக்கும் இத்தனை அடர்த்தி இல்லை. அந்த முடிக்கு நடுவே காற்று சிக்கி நிற்கிறது. அந்தக் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. நாள் முழுக்கக் கடலில் கிடந்தாலும் தோல்வரை தண்ணீர் போவதில்லை.

உள்ளங்கையிலும் பின்னங்காலிலும் அந்த அடர்த்தி இல்லை, சூடு அந்த வழியாக வெளியேறிவிடும். அதனால்தான் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. பார்க்கிற நமக்கு ஒய்யாரம், அதற்கு வீட்டில் திறந்து கிடக்கும் ஜன்னலைச் சாத்துகிற வேலை.

அது செய்கிற ஒவ்வொன்றும் இப்படித்தான். தண்ணீரில் சுற்றிச் சுற்றிப் புரள்வதைப் பார்த்தால் சின்னக் குழந்தை விளையாடுகிற மாதிரி இருக்கும். ரோமத்துக்குள் காற்றை ஏற்றிக்கொண்டிருக்கிறது. முகத்தைக் கையால் தேய்த்துத் தேய்த்து விடும். அழுக்கு ஒட்டினால் முடிக்கு நடுவே தண்ணீர் புகுந்துவிடும் என்பதற்காக. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியபோது கடல்நீர்நாய்கள் ஆயிரக்கணக்கில் செத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். ரோமத்தில் எண்ணெய் ஒட்டியதும் போர்வை போய்விட்டது, குளிரில் விறைத்தன.

அப்புறம் சாப்பாடு. ஒரே அளவுள்ள தரைவிலங்கோடு ஒப்பிட்டால் இதன் உடம்பு மூன்று மடங்கு வேகத்தில் எரிகிறது. 2021-இல் வந்த ஓர் ஆய்வு, இதன் தசைகள் வேலை எதுவும் செய்யாதபோதும் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன என்று காட்டியது. அடுப்பு அணையாமல் இருக்க வேண்டுமென்றால் விறகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தினம் தன் எடையில் கால் பங்கு சாப்பிட வேண்டும்.

"இருபது கிலோ இருக்குன்னா அஞ்சு கிலோவா? தினமுமா?" என்றாள் அம்மா. மனசுக்குள் யாருக்கோ சமைத்துப் பார்த்துவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது. "யார் கொண்டுவந்து கொடுப்பா?"

யாரும் கொடுக்கமாட்டார்கள். அடிக்குப் போய்த் தோண்டித்தான் எடுக்க வேண்டும். நாங்கள் நின்ற இடத்திலிருந்தே ஒன்றைக் கைக்கடிகாரம் வைத்துக் கவனித்தோம். முதுகை வளைத்து, காலைத் தூக்கி, சத்தமில்லாமல் உள்ளே போனது. ஒரு நிமிடம் பத்து விநாடி. மேலே வந்தபோது வெறும் கை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி போனது. ஒன்றரை நிமிடம். இந்தத் தடவை உள்ளங்கை அளவு மட்டி ஒன்று. அக்குளுக்குக் கீழே தொளதொளவென்று ஒரு தோல்மடிப்பு உண்டு, மடியில் கட்டிக்கொள்கிற மாதிரி அதில் சாமான் வைத்துக்கொள்ளும். அங்கிருந்து கல்லை எடுத்து நெஞ்சில் வைத்தது. அடிக்க ஆரம்பித்தது. எண்ணிக்கொண்டே வந்தேன், முப்பத்தி நாலாவது அடியில் ஓடு உடைந்தது. பல்லால் கிழித்து உள்ளே இருந்ததைத் தின்றது. ஓட்டைத் தண்ணீரில் விட்டு ஒரு முறை புரண்டது. நெஞ்சில் ஒட்டியிருந்த துணுக்குகள் கழுவிப் போயின. மறுபடி உள்ளே.

எல்லா நீர்நாயும் இப்படி நெஞ்சில் வைத்துத்தான் உடைக்கும் என்றில்லை. இங்கிருந்து வடக்கே மாஸ் லேண்டிங்கில், கரையோரப் பாறைகளிலேயே கொண்டுபோய்ச் சிப்பியை அடிக்கிற நீர்நாய்கள் உண்டு. பத்து வருஷம் அவற்றைக் கவனித்த ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் எழுதியது எனக்கு மறக்காது. அடித்து அடித்துப் பாறை தேய்ந்த தடங்களையும், அடியில் குவிந்த ஓடுகளையும் தொல்லியல்காரர்கள் மாதிரி ஆராய்ந்தார்கள். ஓடுகள் உடைந்திருந்த விதத்திலிருந்து, அவை பெரும்பாலும் வலது கைப் பழக்கம் உள்ளவை என்றும் தெரிந்தது. நம் ஊரில் பழைய வீட்டு உரலைப் பார்த்து அந்த வீட்டுக் கதையைச் சொல்வோமே, அப்படி.

எட்டு மணி வாக்கில் பனி கொஞ்சம் கலைந்தது. தெற்குப் படகுத்துறைப் பக்கம் போனோம். அங்கேதான் அந்தத் தாயைப் பார்த்தோம்.

மல்லாந்து கிடந்த தாயின் வயிற்றின்மேல் குட்டி. பொன்னிறம் கலந்த மங்கின பழுப்பு, உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி. அதற்கு ஒரு மாதம் ஆகியிருக்கலாம் என்று அங்கே தொலைநோக்கி வைத்துக்கொண்டு நின்ற தன்னார்வலர் அம்மையார் சொன்னார். பிறந்த குட்டியின் ரோமத்தில் அவ்வளவு காற்று நிற்பதால் அதற்கு மூழ்கவே வராது, தக்கை மாதிரி மிதக்கும். தாய் அதைப் புரட்டிப் புரட்டி நக்கிக்கொண்டிருந்தது. முதலில் முதுகு. அப்புறம் தலைகீழாகத் திருப்பி வால் பக்கம். கையால் முடியைக் கோதி, வாயை வைத்து உள்ளே ஊதுகிறது. ஊதிய இடத்தில் முடி பூத்த மாதிரி எழும்பி நிற்கிறது. அடுத்த இடம். மறுபடி ஊதல்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி சாம்பிராணி போடற மாதிரியே இருக்குடி. உன்னைக் கால்ல போட்டுண்டு இப்படித்தான் முடியைப் பிரிச்சுப் பிரிச்சுக் காட்டுவேன்."

நான் எங்கெங்கோ படித்த எதுவும் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பக்கத்தில் வராது. தலை ஈரம் காயாவிட்டால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்கிற அதே கவலைதான். இங்கே காயாவிட்டால் குட்டி செத்தே போகும்.

கொஞ்ச நேரத்தில் தாய் குட்டியைக் கெல்ப் பாசிக் கொடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இரைக்குப் போனது. அலையில் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க அதுதான் தூளி. தாய் மறைந்த அடுத்த நொடி குட்டி கத்த ஆரம்பித்தது. கடற்காகம் மாதிரிக் கீச்சென்று ஒரு குரல், துறைமுகம் முழுக்கக் கேட்டது. தாய் மேலே வந்தால் நிற்கும். மூழ்கினால் மறுபடி. அம்மாவால் நிற்க முடியவில்லை. "சீக்கிரம் வாயேன், சீக்கிரம் வாயேன்" என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படி ஏறக்குறைய ஆறு மாதம். பால் கொடுக்க வேண்டும், தான் பிடித்ததில் பங்கு கொடுக்க வேண்டும், கல் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆண் துணை எதுவும் இல்லை. ஆறு மாத முடிவில் தாயின் உடம்புக்குத் தேவைப்படும் சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடுகிறது. ஏற்கெனவே எடையில் கால் பங்கு தின்றவள் இன்னும் எவ்வளவு தேடுவாள்? குட்டியைப் பிரிகிற சமயத்தில் ஒடுங்கித் தேய்ந்து, ஒரு சின்னக் காயம் பட்டால்கூடத் தாங்க முடியாமல் இறக்கிற தாய்கள் உண்டு.

இதையெல்லாம் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நான் ஒரு தப்புச் செய்தேன்.

சில வருஷத்துக்கு முன் இதே துறைமுகத்தில் நானும் கணவரும் கயாக் என்கிற துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்தோம். எடுத்த இடத்தில், "கிட்டே போகலாம், அதெல்லாம் பழகினதுதான்" என்றார்கள். ஏழெட்டு நீர்நாய்கள் ஒன்றாக மிதந்துகொண்டிருந்தன. துடுப்பை நிறுத்தினோம், ஆனால் நீரோட்டம் எங்களைக் கொண்டுபோனது. இருபது அடி இருக்கும். எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து எங்களைப் பார்த்தன. நான் படம் எடுத்தேன். அடுத்த நொடி ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின. ஒரு தாய் குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாக விலகியது.

அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து வரவேற்பறையில் மாட்டியிருந்தேன். வந்தவர்கள் எல்லோரும், "என்னமா கேமராவைப் பார்க்கிறது!" என்றார்கள்.

அது கேமராவைப் பார்த்தால் நாம் கெடுத்துவிட்டோம் என்று அர்த்தம். இதை எனக்குச் சொன்னது சீ ஆட்டர் சாவி என்கிற அமைப்பு. இந்தக் கடலோரத்தில் நீர்நாய்களைத் தொந்தரவு செய்யாமல் பார்ப்பது எப்படி என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவர்கள் வேலை. அறுபது அடி, அதாவது வரிசையாக வைத்த ஐந்து கயாக் நீளம், அதற்குக் கிட்டே போகாதீர்கள் என்கிறார்கள். நேராக அதை நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் கடந்து போகச் சொல்கிறார்கள். தலை நிமிர்ந்து பார்த்துவிட்டால் இன்னும் தள்ளிப் போக வேண்டும். தூக்கம் கலைந்து மூழ்கி நீந்தினால் சூடு செலவாகிறது, அந்தச் செலவை ஈடுகட்ட மறுபடி இரைக்குப் போக வேண்டும். ஒரு நாளில் எத்தனை கயாக், பலகையில் நின்று துடுப்புப் போடுகிறவர்கள் எத்தனை பேர்! ஒவ்வொருவரும் "நான் ஒரு தடவைதானே" என்றுதான் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

படத்தைக் கழற்றிவிட்டேன். அந்த ஆணி இன்னும் சுவரில் இருக்கிறது.

இந்த ரோமம்தான் அதைக் காப்பாற்றியது, இதுவேதான் அதன் குடியையும் கெடுத்தது. 1741-இல் ரஷ்யாவுக்காகக் கடல்வழி தேடிப் போன பெரிங் என்பவரின் கப்பல் உடைந்து தீவில் மாட்டிக்கொண்டவர்கள் ஊர் திரும்பும்போது கடல்நீர்நாய்த் தோல்களைக் கொண்டுபோனார்கள். அதற்குச் சீனாவில் கிடைத்த விலை தெரிந்ததும் வேட்டை ஆரம்பித்தது. அலாஸ்காப் பக்கத்துத் தீவுகளின் பழங்குடிகளான அலூட் மக்களை மிரட்டி வேட்டைக்கு இழுத்துப்போனார்கள். 1812-இல் ரஷ்யர்கள் கலிபோர்னியாவுக்கே வந்து ஃபோர்ட் ராஸ் கோட்டையைக் கட்டியதற்கு இந்தத் தோலும் ஒரு காரணம். ஜப்பானிலிருந்து மெக்சிகோ வரை பசிபிக் கரையோரம் லட்சக்கணக்கில் இருந்தவை, 1911-இல் ஒப்பந்தம் போட்டு வேட்டையை நிறுத்தியபோது ஒன்றிரண்டு ஆயிரம்தான் மிச்சம். கலிபோர்னியாவில் அழிந்தே போய்விட்டதாக நினைத்தார்கள்.

மோரோ பேயிலிருந்து நூறு மைலுக்கு வடக்கே, பிக் சர் மலைக்குக் கீழே, பிக்ஸ்பி ஓடை கடலில் சேருமிடத்தில் சுமார் ஐம்பது மட்டும் ஒளிந்து பிழைத்திருந்தன. 1938-இல் அந்தப் பக்கம் இருந்தவர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. சாலை எட்டாத செங்குத்தான கரை அது, முந்தின வருஷம்தான் நெடுஞ்சாலையே திறந்திருந்தார்கள். இன்று கலிபோர்னியாவில் சுமார் 3,000 இருக்கின்றன, எல்லாம் அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை. எங்கள் முன்னால் மட்டி உடைத்துக்கொண்டிருந்ததும் அந்த ஐம்பதில் ஏதோ ஒன்றின் பேரப்பிள்ளைதான்.

அந்தத் தீராத பசிதான் கடலுக்கு அடியில் காட்டை வளர்க்கிறது. கடல் முள்ளெலி என்பது எலி இல்லை, உடம்பெல்லாம் முள்ளோடு கடலடியில் ஊரும் உருண்டையான பிராணி. அது கெல்ப் பாசியை அடியோடு தின்றுவிடும். நீர்நாய் முள்ளெலியைத் தின்னும். 1974-இல் ஜேம்ஸ் எஸ்டெஸ், ஜான் பால்மிசானோ என்கிற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் ஒப்பிட்டுக் காட்டினார்கள்: நீர்நாய் இருக்கும் தீவைச் சுற்றிக் கெல்ப் காடு, இல்லாத தீவைச் சுற்றி முள்ளெலி மேய்ந்த பொட்டல். கலிபோர்னியாவிலும் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். 2013-இல் முள்ளெலியைத் தின்னும் நட்சத்திரமீன்கள் நோயில் அழிந்தன, அடுத்து கடல் சூடேறியது, முள்ளெலி பெருகியது. நீர்நாயே இல்லாத வட கலிபோர்னியாவில் கெல்ப் காடு தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. மான்டரேயில், நீர்நாய்கள் மேய்கிற இடங்களில், திட்டுத்திட்டாக மிஞ்சியது.

மீனவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நீர்நாய் திரும்பி வந்த இடத்தில் அபலோனி என்கிற பெரிய கடல் நத்தையும் பிஸ்மோ மட்டியும் குறைந்தன. அதை நம்பிப் பிழைத்தவர்களுக்குக் கோபம் வராதா? 1987-இல் தெற்கே ஒரு பகுதியை நீர்நாய் இல்லாத இடமாக அறிவித்து, போனவற்றைப் பிடித்துத் திருப்பி விட்டார்கள். அது பலிக்கவில்லை, 2012-இல் கைவிட்டார்கள். இப்போது கூட்டம் வடக்கிலும் தெற்கிலும் பரவாமல் நிற்பதற்கு முக்கியக் காரணம் வெள்ளைச் சுறா. தின்பதற்காகக்கூட இல்லை, சும்மா கடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறது, நீர்நாய் செத்துக் கரை ஒதுங்குகிறது. ஊரிலிருந்து மழைத்தண்ணீரோடு வருகிற பூனைக் கழிவின் கிருமியும் கொல்கிறது. இதைக் கேட்டதும் அம்மா, "பூனையா?" என்று நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள்.

ஊருக்குத் திரும்புகிற நாள் காலையில், "இன்னொரு தரம் பார்த்துட்டுப் போகலாம்டி" என்று அம்மாவே கிளம்பிவிட்டாள். பனி இல்லை. பாறை முழுசாகத் தெரிந்தது. அந்தத் தாய் கெல்ப் கொடியை இடுப்பில் சுற்றிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. குட்டி வயிற்றின்மேல் குறுக்கே கிடந்தது. நான்கு பின்னங்கால்களும் தண்ணீருக்கு வெளியே.

துறைமுக வாயில் பக்கமிருந்து ஆறு கயாக்குகள் வந்தன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அம்மா கம்பியில் குனிந்து, கையை நீட்டி, "தள்ளிப் போங்கோ, தள்ளிப் போங்கோ" என்று வாய்க்குள் சொன்னாள். முன்னால் வந்த வழிகாட்டிப் பெண் துடுப்பைக் குறுக்கே தூக்கிக் காட்டினாள். பின்னால் வந்தவர்களும் நிறுத்தினார்கள். அவள் அவர்களை எதிர்க்கரைப் பக்கமாகத் திருப்பி, பெரிய வளைவாகச் சுற்றிக் கூட்டிப் போனாள். துடுப்புச் சத்தம் மெதுவாகக் கேட்டது, அப்புறம் அதுவும் போய்விட்டது.

தாய் தலையைத் தூக்கவே இல்லை. குட்டி மட்டும் தூக்கத்தில் ஒரு கையை எடுத்துத் தன் கண்ணின்மேல் வைத்துக்கொண்டது.